கந்தையா கொடுத்த நாற்காலி

டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே இப்போதுதான் இருபத்தாறைக் கூப்பிட்டார்கள். சிலிண்டரை மூடினோமா? மூடியிருப்போம். பாலைக் காய்ச்சி இறக்கினாள், அடுப்பை அணைத்தாள், அப்புறம் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், நடுவில் குனிந்து சிலிண்டர் வாயைத் திருகினாளா என்பதுதான் பிடிபடவில்லை. ஆவுடையம்மாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சிலிண்டருக்காக இல்லை. மறதி தனக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்றுதான். ஒரு வீட்டில் ஒரு ஆள் மறந்தால் இன்னொரு ஆள் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பேரும் மறந்தால்? அடி ஆத்தி, அதை நினைக்கவே கூடாது. உடனே தனக்குத்தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். இன்றைக்குச் செவ்வாய். நேற்றுக் குழம்பு புளிக்குழம்பு. மகள் சிவகாமி புனேயில், பேரன் மூன்றாம் வகுப்பு, மதுரைக் காப்பகத்தில் ஸ்டெல்லா அறையைப் பிடித்து வைத்திருப்பது வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். வெள்ளிக்கிழமை. அது மட்டும் மறக்காது. இந்தப் பரீட்சையில் அவளுக்கு நூற்றுக்கு நூறு, ஆனாலும் சிலிண்டர் பிடிபடவில்லை. சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே, கந்தையாவின் பத்திர எழுத்துக் கொட்டகையில், மர பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவர், வெள்ளைச் சட்டை, பையில் பேனா. எங்கே போகிறோம் என்று காலையில் கேட்டபோது, "ஆபீஸுக்கு" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இரண்டு வருஷமாகச் சட்டை மாட்ட அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற மனுஷன், கையை அவராகவே நீட்டிக் கொடுத்தார். பொய்யில்லை அது, ஆபீஸ்தான். எதற்கு என்பதைத்தான் அவள் சொல்லவில்லை. அவர் பேரில் இருக்கிற எழுபது சென்ட் கரிசல் நிலத்தை விற்க. விற்ற பணத்தில் அவரைக் கொண்டுபோய் மதுரையில் விட. ஒரு மனுஷனை அவர் சொத்தை வைத்தே வீட்டைவிட்டு அனுப்புவதற்கு அவரிடமே கையெழுத்து வாங்கப்போகிறோம் என்று நினைத்தபோது, பக்கத்துக் கடையில் டீ குடிக்கலாமா என்று யோசித்தாள், அவரைத் தனியே விட்டுப் போக முடியாது என்பதால் குடிக்கவில்லை.

முப்பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் இந்தக் கொட்டகைக்குள் வந்ததே இல்லை, அதுதான் வேடிக்கை. பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறாள், தகரக் கூரை, வரிசையாக மேஜைகள், ஒரு மேஜையில் குனிந்த தலை, அது அவர் தலை. ஊரில் அவரைப் பத்திரக்காரர் என்பார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, ரசத்தில் உப்பு கம்மி என்று சொல்கிற ஆள். சும்மா சொல்லக் கூடாது, கம்மி என்றுதான் சொல்வார், ஒருநாளும் தட்டைத் தள்ளியதில்லை. முதல் தடவை தெரிந்தது எப்போது? ரசத்தில்தான். ஒருநாள் சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு வந்து, மறுபடி மணையில் உட்கார்ந்து, "என்ன, இன்னும் சோறு போடலையா" என்றார். அவள் சிரித்தாள். கேலி பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டாள், பாவி. அப்புறம் ஒருநாள் பேங்குக்குப் போனவர் பேங்க் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடம் பேங்க் எங்கே என்று கேட்டார். அப்புறம் நாலுவழிச் சாலை. ஐயோ, அந்த நாலுவழிச் சாலை. நடு மத்தியானம், அவள் துணி காயப்போட மாடிக்குப் போன அஞ்சு நிமிஷத்தில் கதவைத் திறந்து போய்விட்டார். ஒரு உப்பு லாரிக்காரன் கொண்டுவந்து விட்டான். "சாலைக்கு நடுவுல நின்னு, லாரியை நிறுத்தி, எந்த ஊரு, அப்பா பேரென்னன்னு விசாரிக்காருங்க, ரொம்ப மரியாதையா விசாரிக்காரு, அதான் அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலை" என்றான். அவன் நல்லா இருக்கணும். அவன் பேரைக்கூடக் கேட்கவில்லை அவள். அன்றைக்கிலிருந்து கதவுக்கு உள்பக்கம் பூட்டு, சாவி அவள் தாலிக்கயிற்றில். கூடவே கிடந்து பார்த்துக்கொள்ளலாம், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை, ஆனால் அவளுக்கு அறுபத்துமூன்று, முழங்கால் இரண்டும் சண்டைக்கு நிற்கிறது. போன மாசம் குளியலறையில் அவர் வழுக்கி உட்கார்ந்தபோது தூக்க முடியாமல் அவளும் பக்கத்திலேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம். அவர் அவளைப் பார்த்து, "நீங்க எந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கீங்க?" என்றார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, பால்காரர் வந்து மணியடிக்கும்வரை இரண்டு பேரும் அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

முப்பதைக் கூப்பிட்டார்கள். அவர் பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைத்தார். எடுத்தார். வைத்தார். கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது. ஸ்டெல்லா கேட்டாளே, கையைப் பற்றி. எத்தனை இடம் ஏறி இறங்கியாகிவிட்டது! முதலில் பார்த்த இடத்தில் கேட்டுக்குள் இன்னொரு கேட்டு, அதற்குள் ஒரு கேட்டு, உள்ளே பெரிய டிவி, டிவிக்கு எதிரே வரிசையாக நாற்காலிகள், நாற்காலிகளில் ஆட்கள், யாரும் டிவியைப் பார்க்கவில்லை. இரண்டாவது இடம் பளிங்கு மாதிரி இருந்தது, டெட்டால் வாசம், ஆனால் காலை பத்து மணிக்கு அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு ஏன் தூங்குகிறார்கள் என்று கேட்டாள். "அமைதியா இருக்காங்க மேடம்" என்றான் கழுத்தில் அடையாள அட்டை போட்டவன். அமைதியாம், அமைதி. மாத்திரை குடுத்துச் சாய்ச்சுப் போட்டுட்டு அமைதியாம். அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்விகள்தான், சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, பணம் கட்டுவது யார். மூன்றாவது இடத்தில்தான் ஸ்டெல்லா. நாற்பது வயசிருக்கும், குட்டையான உருவம், ரப்பர் செருப்பு. ஆவுடையம்மாள் போனபோது அங்கே ஒரு கிழவி ரகளை பண்ணிக்கொண்டிருந்தாள், சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வருது, வீட்டில் ஒரு மணி அரிசி கிடையாது என்று. சம்பந்தியும் இல்லை ஒன்றும் இல்லை. ஸ்டெல்லா இல்லை என்று சொல்லவில்லை. சொளகில் அரிசியைக் கொட்டி எடுத்துவந்து, கிழவிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எத்தனை பேரு வாறாக ஆச்சி?" என்றாள். பன்னிரண்டு பேர். "அப்ப ரெண்டு படி காணுமா?" என்று கேட்டுக்கொண்டே கல் பொறுக்கினாள். ஆவுடையம்மாள் உற்றுப் பார்த்தாள், நடிக்கிறாளா என்று. நடிப்பில்லை. நிஜமாகவே கல் பொறுக்கினாள், பொறுக்கின கல்லைத் தனியே வைத்தாள், அந்த அரிசிதான் அன்றைக்குச் சமையலுக்குப் போயிற்று. கிழவியின் முகம் மெல்ல மெல்லப் பதற்றம் தணிந்து, ஒரு வீட்டை நடத்துகிற பொம்பளையின் முகமாக ஆனதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். அப்புறம்தான் ஸ்டெல்லா இவளிடம் வந்து உட்கார்ந்தாள். சுகரைக் கேட்கவில்லை. "அவர் கை என்ன வேலை பார்த்த கைம்மா?" என்று கேட்டாள். ஆவுடையம்மாள் அங்கேயே, யார் யாரோ பார்க்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். என்ன மனுஷி! பெற்ற மகள்கூட அப்படிக் கேட்கவில்லை. அவளுக்குத் தோன்றவில்லை, பாவம், அவள் என்ன செய்வாள்.

ஆனால் அந்த இடம் மாசம் முப்பத்தெட்டாயிரம். மூன்று மாசம் முன்பணம். டயபர், மருந்து தனி. பத்திரம் எழுதுகிறவருக்கு என்ன பென்ஷன் வரப்போகிறது, அவளுக்கு அங்கன்வாடிப் பென்ஷன், அது பாலுக்கும் கரண்டுக்கும் சரி. இன்சூரன்ஸ்காரனிடம் கேட்டாள். ஆஸ்பத்திரியில் படுத்தால் உண்டு, மறந்தால் கிடையாது என்றான். அப்படி நேராகச் சொல்லவில்லை, இங்கிலீஷில் நாலு பக்கம் நீட்டி முழக்கினான், அர்த்தம் அதுதான். சிவகாமி போனில், "அம்மா நான் அனுப்புதேன், நீ ஏன் கெடந்து அலையுத" என்கிறாள். அவள் வீட்டுக் கடன் அவள் கழுத்தை நெரிப்பது தெரியாதா. ஒரு மாசம் அனுப்புவாள், ரெண்டு மாசம் அனுப்புவாள், மூன்றாவது மாசம் மாப்பிள்ளை முகம் எப்படி இருக்கும் என்று ஆவுடையம்மாளால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. மிச்சம் இருப்பது நிலம்தான். கந்தையாதான் வழி சொன்னான். முப்பது வருஷம் அவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து எழுதியவன், அவரை அண்ணாச்சி என்பான், இவளை மதினி என்பான். "அண்ணாச்சி கையெழுத்து அப்படியேதான் இருக்கு மதினி, நான் பார்த்தேன். பத்திர நகலை வாசிச்சுக் காட்டுறேன், கையெழுத்துப் போடுறாக. உள்ள ஒரு கேள்வி கேப்பாக, சம்மதமான்னு. தலையை ஆட்டினாப் போதும்." அப்படிச் சொன்னபோது அவன் இவள் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜையில் இருந்த குண்டூசி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சரியா இது? சரியில்லைதான். அவர் தெளிவாக இருந்தால் இதற்கு என்ன சொல்வார்? தெளிவாக இருந்தால் இதுவே வேண்டாமே. அவள் மனசு செக்குமாடு மாதிரி இந்த ஒரே இடத்தையே நாலு நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு யாருக்காகவாம்? அவருக்காகத்தானே. அவர் பணம் அவருக்கு. திருட்டில்லை. ஆனால் திருட்டில்லை என்று ஒரு நாளைக்கு இத்தனை தடவை யாராவது சொல்லிக்கொள்வார்களா, அதுவும் ஒரு சந்தேகம்.

"அடடே, அண்ணாச்சி! நீங்க பெஞ்சிலயா உக்காந்திருக்கிறது, எந்திரிங்க எந்திரிங்க" என்று கந்தையா கையில் ஜெராக்ஸ் காகிதங்களோடு ஓடிவந்தான். அவன் பின்னால் நிலத்தை வாங்குகிற ஜெயசிங், பெயிண்ட் கடைக்காரர், போனில் பேசிக்கொண்டே. கந்தையா அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, மேஜைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், தன் சொந்த நாற்காலியைத் துண்டால் தட்டி, அதில் உட்கார வைத்தான். தான் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஆவுடையம்மாளுக்கு மனசு குளிர்ந்தது, இந்தக் காலத்தில் யார் இவ்வளவு மரியாதை பண்ணுகிறார்கள் என்று. மரியாதைதான். ஆனால் கந்தையா செய்த தப்பும் அதுதான், இந்தக் கொட்டகைக்காரன் ஒருத்தனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான். சொத்தை விற்கிறவன் உட்காரும் இடம் பெஞ்சு. மேஜைக்குப் பின்னால் இருப்பது எழுதுகிறவனின் இடம். அங்கே உட்கார்ந்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. கலைந்து கிடந்த காகிதங்களை எடுத்து, மேஜையில் செங்குத்தாகத் தட்டி, ஓரம் சேர்த்து வைத்தார். ரேகை வைக்கிற மைப்பெட்டியை இடது பக்கம் நகர்த்தினார். பேனா மூடியைக் கழற்றிப் பின்னால் செருகினார். பிறகு நிமிர்ந்து எதிரே இருந்தவர்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஆவுடையம்மாள் அவரிடம் பார்த்ததே இல்லை. உன் அவசரம் எனக்குத் தெரியும், ஆனாலும் நிதானமாகச் சொல்லு என்கிற பார்வை. முப்பத்தொன்பது வருஷமும் பகலெல்லாம் ஊர்க்காரர்கள் இவரைத்தான் பார்த்திருக்கிறார்கள், நமக்குச் சாயங்கால மிச்சம்தான் கிடைத்திருக்கிறது என்று நினைத்து, அவளுக்கு ஊர்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

கந்தையா தொண்டையைச் செருமிக்கொண்டு நகலை வாசித்தான். கிராமம், சர்வே எண், பட்டா எண், எல்லாம் கடகடவென்று போயிற்று. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ, தூங்கினால் எழுப்பும்போது யாரென்று கேட்டு மிரளுவாரே, ஜெயசிங் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார் என்று அவளுக்கு ஒரு பக்கம் பதறியது. "வண்டிப்பாதைக்கு மேற்கு, ஓடைக்குத் தெற்கு" என்று கந்தையா வாசித்தான்.

"கிழக்கு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"என்ன அண்ணாச்சி?"

"வண்டிப்பாதைக்குக் கிழக்குய்யா. மேற்குன்னு எழுதினா பக்கத்துப் புஞ்சையை வித்ததா ஆயிரும். தாய்ப் பத்திரத்தை எடுத்துப் பாரு."

கந்தையா பழைய பத்திரத்தைப் பிரித்தான். விரலை வைத்து வாசித்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜெயசிங் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "அடேயப்பா" என்றார். அது தன் நிலம் என்றே இந்த மனுஷனுக்குத் தெரியாது. மகள் பேர் தெரியாது, காலையில் குடித்தது காப்பியா டீயா தெரியாது. வண்டிப்பாதை எந்தப் பக்கம் என்று தெரிகிறது! ஆவுடையம்மாளுக்கு எழுந்து போய் அவர் தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது, அவ்வளவு பெருமையாக இருந்தது, அத்தனை பேருக்கு நடுவில் அதெப்படிச் செய்வது என்று கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி, யாரு எழுதிக் குடுக்கிறது?" என்றார் அவர்.

"நீங்கதான் அண்ணாச்சி."

"வெளையாடாதய்யா, நேரமாகுது. சொத்துக்காரர் யாரு?" பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் இவள் ஒருத்திதான் இருந்தாள். "நீங்களா தாயி?"

தாயி. கட்டின பெண்டாட்டியைப் பார்த்துத் தாயி என்கிறார். நெஞ்சில் ஒரு குத்து குத்தியது, குத்தும்போதே, எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார் பாரேன் என்றும் இருந்தது. வீட்டில் ஆளைத் தெரியாதபோது பயந்துபோய் மூலைக்குப் போவார், கையைத் தட்டிவிடுவார். இங்கே தெரியாத ஆளிடம் பயமில்லை. தெரியாத ஆட்கள் வந்து உட்காருவதுதானே இந்த இடத்தின் வேலை. கந்தையா கண்ணைக் காட்டினான், எதையாவது சொல்லிச் சமாளியுங்கள் மதினி என்று. எத்தனை பொய்தான் சொல்வது. காலையிலேயே ஒன்று சொல்லியாயிற்று. இந்தப் பார்வையிடம் அவளுக்குப் பொய் வரவில்லை.

"எங்க வீட்டுக்காரர் சொத்துங்க" என்றாள்.

"அவர் வரலையா?"

"அவுகளுக்கு... ஞாபகம் சரியில்லைங்க. ஆளு தெரியலை, நாள் தெரியலை. மதுரையில ஒரு இடத்துல வச்சுப் பார்க்கணும். அதுக்குத்தான் பணம்."

அவர் பேனாவுக்கு மூடி போட்டார். அந்தச் சின்ன டக் சத்தத்தில் அவளுக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. வெள்ளிக்கிழமை போயிற்று, ஸ்டெல்லா போனாள், மறுபடி ஈரத்தரை, உள்பூட்டு, நாலுவழிச் சாலை.

"அப்ப இதை எழுதக் கூடாது தாயி" என்றார். குரலில் கோபமே இல்லை. "விவரம் தெரியாதவர் கையைப் பிடிச்சுப் போடுறது கையெழுத்து இல்ல. நாளைக்கு ஒருத்தன் கேஸ் போட்டான்னா உங்களைத்தான் கூண்டுல ஏத்துவான். வாங்குறவரும் பாவம், காசைக் குடுத்துட்டுக் கோர்ட்டுக்கு அலைவாரு." ஜெயசிங் சட்டென்று போனைப் பைக்குள் போட்டார். "ஜில்லாக் கோர்ட்ல மனுப் போடுங்க, டாக்டர் சர்டிபிகேட்டோட. சொத்தைப் பார்த்துக்க உங்களைப் பொறுப்பாளா நியமிக்கச் சொல்லி. உத்தரவு வரட்டும், அப்புறம் தாராளமா வித்துக்கலாம், ஒரு பய கேள்வி கேக்க முடியாது."

"அதுக்கு எவ்வளவு நாளாகுங்க?"

"ஒரு வருஷம். கூடவும் ஆகும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமே" என்றாள் அவள். அழக் கூடாது என்று நினைத்தாள், அழுதுவிட்டாள். யாரோ வேற்று ஆசாமி முன்னால் அழுவது போல, அவர் முன்னால் வெட்கப்பட்டு அழுதாள். "என்னால தூக்க முடியலைங்க. விழுந்தா என்னால தூக்க முடியலை. ஆசை இல்லாம அனுப்பலை. அங்க ஒரு பொண்ணு இருக்கா, அவ நல்லாப் பார்த்துக்கிடுவா, அதுக்குத்தான்."

அவர் அவள் அழுது முடிக்கிறவரைக்கும் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. கந்தையாவைப் பார்த்து, "தாயிக்கு ஒரு டீ சொல்லு" என்றார். எத்தனை பேர் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருப்பார்களோ, அத்தனை பேருக்கும் டீ சொல்லியிருப்பார் போல. வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லையே இதையெல்லாம். என்ன மனுஷன்யா இது.

"வீடு இருக்கா?" என்றார்.

"இருக்குங்க. ஸ்டேஷன் ரோட்ல. ரெண்டு கட்டு வீடு."

"அது யார் பேர்ல?"

"என் பேர்லதான்."

"யாரு வாங்கினது?"

"அவுகதான். வாங்கும்போதே என் பேர்ல எழுதிட்டாக. எதுக்குன்னு கேட்டேன். கெடக்கட்டும், என்னைக்காவது ஆகும்னாக."

அவர் தலையை ஆட்டினார். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. "விவரமான ஆளுதான்" என்றார்.

கந்தையா முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் மூக்கைத் துடைத்தான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அழுத கண்ணோடு சிரித்தாள், தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறாரே, அதுவும் தெரியாமல் மெச்சிக்கொள்கிறாரே. மெச்ச வேண்டியதுதான். மெச்சட்டும்.

"அப்ப ஏன் நிலத்துக்குப் போறீங்க? வீட்டை ஒத்திக்கு விடுங்க. ஸ்டேஷன் ரோடுன்னா எட்டு லட்சம் ஒரே தடவையாத் தருவான். மூணு வருஷம் அவன் குடியிருப்பான், வாடகை கிடையாது, கெடு முடிஞ்சதும் பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு வீட்டை வாங்கிக்கிட வேண்டியது. அதுக்குள்ள கோர்ட் உத்தரவு வந்திரும், நிலத்தை நல்ல விலைக்கு வித்து ஒத்தியைத் திருப்பலாம். இதுக்கு அவர் கையெழுத்தே வேண்டாம். உங்க கையெழுத்துப் போதும்."

"அப்ப நான் எங்கங்க இருப்பேன்?"

"அவரை எங்க வைக்கப்போறீங்களோ, அதுக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்து இருங்க தாயி" என்றார் அவர், இது ஒரு கேள்வியா என்பது போல. "ஆளு அங்க, நீங்க மட்டும் இங்க எதுக்கு?"

இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? வீட்டைப் பிடித்துக்கொண்டு, அவரை அனுப்பிவிட்டு, வாரம் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு பஸ் ஏறுவது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பூட்டும் சாவியுமாக வீட்டைக் காத்துக்கொண்டு. வீட்டில் என்ன இருக்கிறது காக்க? சிலிண்டரா? ஜெயசிங் போவதற்குத் திரும்பினார். "அண்ணாச்சி சொல்றதுதாம்மா சரி. நிலம் ஒரு வருஷம் கழிச்சுன்னாலும் எனக்கே குடுங்க. ஒத்திக்கு எங்க சித்தப்பா மகன் வீடு தேடிக்கிட்டிருக்கான், பேசிப் பார்க்கேன், இன்னைக்கே" என்று சொல்லிவிட்டு, போகும்போது மேஜைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். உள்ளே நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டார்கள்.

"ஒத்திப் பத்திரத்துக்கு நகல் எழுதி வச்சுக்கிடுவோம். வாங்குறவர் பேரு முடிவானதும் சேர்த்துக்கிடலாம்" என்று அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இடது பக்கம் ஓரம் மடித்தார். கந்தையா தடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டியது எப்படியும் அவன்தான், ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க பேரு தாயி?"

"ஆவுடையம்மாள்."

எழுதினார். எழுத்து ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றது.

"வீட்டுக்காரர் பேரு?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் சீட்டை நீட்டுவாள். ஸ்டெல்லா கேட்டபோதுகூடத் தாளில் எழுதித்தான் காட்டினாள், இந்தக் காலத்திலும் இப்படியா என்று சிவகாமி தலையில் அடித்துக்கொள்வாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அம்மா சொல்லி வளர்த்தது, நம்பிக்கை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கந்தையாவுக்கு அது தெரியும், தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். அவர் பேனாவைத் தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு, பொறுமையாக, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உலகநாதன்" என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, டீ கொண்டுவந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. உலகநாதன் என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார், ஊரில் எவன் பேரையோ எழுதுவது போல. எழுதும்போதே பேருக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். புருஷன் செத்திருந்தால் பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று சேர்க்க வேண்டும், அதனால் பெண்கள் யார் வந்தாலும் எழுதுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்வது வழக்கம். அவரும் நிமிர்ந்து, குரலைக் கொஞ்சம் தணித்து, மனசு நோகாதபடி கேட்டார்.

"இருக்காரா தாயி?"

"இருக்காக" என்றாள் ஆவுடையம்மாள்.